மேகம் காற்றைத் தள்ளுமா?

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி மூன்று வரிகளில் இருந்தது. பூமி சூடானால் கடல் அதிகம் ஆவியாகும், மேகம் பெருகும், மேகம் நிழல் தரும், பிறகு ஏன் இவ்வளவு கவலை என்பது முதல் வரி. காற்றுதானே மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது, மேகம் காற்றோட்டத்தையே மாற்றுகிறது என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது இரண்டாவது. 2024 டிசம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் கொட்டித் தீர்த்தது இதனால்தானா, இனி நம் பக்கம் மழை கூடுமா குறையுமா என்பது மூன்றாவது. இவற்றில் நடுவில் இருப்பதே உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதலாவதற்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கான விடை, இரண்டாவதை எவ்வளவு தூரம் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் இளமையில் ஆறு ஆண்டுகள் மேகங்களின் கதிர்வீச்சுக் கணக்குகளில் ஆய்வு செய்துவிட்டு, பிறகு தருமபுரியில் இயற்பியல் கற்பிக்க வந்தவன். நாளை மழை வருமா என்று சொல்வது என் தொழில் அன்று. எனவே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், துறைக்குள்ளேயே இழுபறியில் இருப்பதை இழுபறி என்றும் சொல்கிறேன்.

நிழல் என்பது மேகத்தின் பாதி வேலை மட்டுமே. மறுபாதியை வீட்டு மாடியிலேயே பார்க்கலாம். மோட்டார், பேரிங் சூட்டைத் தொடாமல் அளக்கப் பட்டறைகளில் வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை நான் மாணவர்களுக்காக ஒன்று வாங்கினேன். தை மாதத் தெளிந்த இரவில் அதை நேரே வானத்தை நோக்கிப் பிடித்தால் மைனஸ் 15, மைனஸ் 20 என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் தாழ்ந்த மேகம் ஒன்று தலைக்கு மேல் வந்து நின்றால் அதே கருவி பிளஸ் 8, பிளஸ் 10 என்று காட்டும். தரை இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை மேகத்தின் அடிப்பாகம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த எண் உயர்ந்ததன் பொருள். ஆகவே ஒவ்வொரு மேகமும் பகலில் குடையாகவும் இரவும் பகலும் போர்வையாகவும் இருக்கிறது. குடை பெரிதா போர்வை பெரிதா என்பது அந்த மேகம் எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தாழ்ந்த தடித்த மேகம் பெரும்பாலும் குடை. வானின் உச்சியில் நூல் நூலாகப் பரவும் கீற்று மேகம் பெரும்பாலும் போர்வை.

பூமி முழுவதற்கும் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கூட்டிப் பார்த்தால், மேகங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 வாட் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஏறத்தாழ 28 வாட் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மிச்சம் சுமார் 20 வாட் குளிர்ச்சி. கரியமில வாயு இரு மடங்கானால் கூடும் வெப்பம் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், மேகத்தில் ஏற்படும் சிறிய மாற்றம்கூட ஏன் பெரிய விஷயம் என்பது விளங்கும். கேட்டவரின் வாதத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது: ஆவி கூடினால் மேகம் கூடும் என்பது தானாக நடப்பதில்லை. சூடான காற்று ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஆவியைத் தாங்கும். கொள்ளும் பாத்திரமும் பெரிதாகிவிடுவதால், மேகம் உருவாவதைத் தீர்மானிக்கும் நிறைவு விகிதம், அதாவது தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு காற்றில் இருக்கிறது என்பது, ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 1967-இல் காலநிலை ஆய்வாளர்கள் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கரியமில வாயுக் கணக்கைப் போட்டபோது மேகங்களை மாறாதவையாக வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வேறு வழியும் இல்லை. கரியமில வாயு இரு மடங்கானால் 1.5 முதல் 4.5 பாகை வரை சூடாகும் என்று 1979-இல் அமெரிக்காவில் வானிலை அறிஞர் சார்னி தலைமையிலான அறிஞர் குழு சொன்னது. அந்த இடைவெளியை 2.5 முதல் 4 பாகை என்று சுருக்க 2021 வரை, அதாவது காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்கு முதன்மையான காரணம் மேகங்களே. இப்போதைய முடிவு என்னவென்றால், மேகங்கள் மொத்தத்தில் சூட்டைத் தணிக்கப் போவதில்லை, கூட்டவே செய்யும் என்பதுதான். எவ்வளவு கூட்டும் என்பதில் இன்னும் அகலமான இடைவெளி இருக்கிறது.

முதல் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்றை மறைத்துவிடுகிறது: வெப்பம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் சேர்கிறது என்பதை. மேற்குப் பசிபிக்கின் வெதுவெதுப்பான கடலுக்கு மேல் நிற்கும் உயர்ந்த இடிமேகங்களில் குடையும் போர்வையும் ஏறத்தாழச் சமமாகி, வான உச்சியில் இருந்து பார்க்கும்போது விளைவு பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. கணக்கில் பூஜ்யம் என்றாலும் நடப்பது பூஜ்யம் அன்று. சூரிய ஒளி குறைந்ததால் கடல்பரப்பு குளிர்கிறது. பிடித்து வைத்த வெப்பம் நடுவானில் சேர்கிறது. கீழே இருக்க வேண்டிய வெப்பத்தை எடுத்து மேலே வைத்த மாதிரி. நம் பருவமழைப் பகுதியில் இந்தச் சமநிலைகூட இல்லை. ஆய்வாளர்கள் ராஜீவனும் ஸ்ரீநிவாசனும் 2000-இல் காட்டியதுபோல, ஆசியப் பருவமழைக் காலத்தில் இங்குள்ள மேகங்களின் நிகர விளைவு சதுர மீட்டருக்கு 30 வாட்டுக்கும் மேற்பட்ட குளிர்ச்சி. உயர்ந்த இடிமேகங்கள் எழும் வேறெந்த வெப்பமண்டலப் பகுதியிலும் காணாத அளவு. நம் மேகங்கள் தடித்தவை, பல அடுக்கானவை என்பதே காரணம். வேறு கடல்களில் அளந்த பாடத்தை வங்கக் கடலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

இனி காற்று. காற்று வீசுவது வெப்பத்தால் அன்று, வெப்ப வேறுபாட்டால். எல்லா இடமும் ஒரே அளவு சூடாக இருந்தால், எத்தனை பாகையாக இருந்தாலும் இலை அசையாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் காற்று எழுந்து, மேலே சென்று, 30 பாகை அட்சரேகையை ஒட்டி இறங்கி, தரையோடு திரும்பி வரும் பெருஞ்சுழற்சியை ஜார்ஜ் ஹாட்லி 1735-லேயே விளக்க முயன்றார். அவருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சுழற்சியின் அடுப்பு தரையில் மட்டும் இல்லை, மேகத்துக்குள்ளும் எரிகிறது என்பது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது. ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பெய்தது 50 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் 500 கிலோ ஆவி நீராகியிருக்கிறது. வெளியான வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 350 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பம் இரண்டு மாதத்தில் எரிக்கும் மின்சாரம், ஒரு கட்டில் அளவுகூட இல்லாத பரப்புக்கு மேல், ஒரே நாளில். இந்த வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்குகிறது, கீழே இடம் காலியாகிறது, சுற்றிலும் உள்ள ஈரக்காற்று அங்கே இழுக்கப்படுகிறது. ஆக, மேகம் காற்றைத் தள்ளுமா என்றால், தள்ளுவதைவிட இழுக்கும் என்பதே சரியான சொல்.

ஆவி நீராகும்போது வெளியாகும் இந்த உள்ளுறை வெப்பத்தைப் பற்றி யாருக்கும் ஐயம் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் பேசப்படுவது அதைவிடச் சிறிய, ஆனால் ஓயாத இன்னொரு வெப்பம்: மழை பெய்யாத மேகமும் சும்மா நின்றபடியே கதிர்வீச்சால் காற்றுக்குத் தரும் சூடும், எடுக்கும் சூடும். வெப்பமண்டலத்தின் உயர்ந்த மேகங்கள் தாம் இருக்கும் காற்றுத் தூணைச் சூடாக்குகின்றன. நடு அட்சரேகைகளிலும் துருவங்களை நோக்கியும் உள்ள தாழ்ந்த மேகங்கள் தம் தலைப்பகுதி வழியாக வெப்பத்தை வெளியேற்றிக் காற்றைக் குளிர்விக்கின்றன. சூடான இடத்தை மேலும் சூடாக்கி, குளிர்ந்த இடத்தை மேலும் குளிர்விப்பதால் வேறுபாடு கூடுகிறது. வேறுபாடு கூடினால் காற்றும் வலுக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. வளிமண்டலத்தைக் கணக்குகளால் போலச்செய்யும் கணினி மாதிரியில் மேகங்கள் உருவாகட்டும், மழையும் பெய்யட்டும், ஆனால் கதிர்வீச்சுக் கணக்கு மட்டும் அவற்றைக் கண்ணாடிபோல் ஊடுருவிப் போகட்டும் என்று நிரலை மாற்றிவிடுவது. நான் முதன்முதலில் அப்படி ஓட்டிப் பார்த்தபோது நிரலில் எங்கோ பிழை என்றே நினைத்தேன். இரண்டு நாள் தேடிய பிறகுதான், சுழற்சி உண்மையாகவே தளர்ந்திருக்கிறது என்று ஏற்றுக்கொண்டேன். பல நாட்டு மாதிரிகளும் இந்தச் சோதனையில் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: மேகங்களின் கதிர்வீச்சு இல்லையென்றால் ஹாட்லி விளக்க முயன்ற அந்தச் சுழற்சியும் நடு அட்சரேகைப் புயல்களும் இன்றைய வலுவில் இருக்கமாட்டா.

பூமி சூடாகும்போது மேகங்களில் மிக உறுதியாக நடக்கும் மாற்றம் அவற்றின் எண்ணிக்கையில் அன்று, உயரத்தில். சித்திரை, வைகாசி மாலைகளில் பாலக்கோட்டிலிருந்து மேற்கே பார்த்தால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளுக்கு மேல் இடிமேகம் கோபுரம்போல் எழும். நாலு மணிக்குக் காலிஃபிளவர்போல் கொழுகொழுவென்று ஏறிக்கொண்டிருக்கும் அதன் தலை, ஐந்து மணிக்கு ஏதோ கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல் நின்று, கொல்லுப் பட்டறையின் அடைகல்போல் தட்டையாகப் பக்கவாட்டில் விரியும். ஓரங்கள் கூர்மை இழந்து, சீவிய பஞ்சுபோல ஆகும். அப்போது அது முழுக்கப் பனித்துகள். ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது? சுற்றியுள்ள தெளிந்த காற்று, தன்னிடம் உள்ள நீராவியின் மூலம் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிக் குளிர்ந்து மெல்ல இறங்குகிறது. வெப்பநிலை மைனஸ் 55 பாகையாகக் குறையும் உயரத்துக்கு மேல் போனால் அந்தக் குளிரில் ஆவியே மிச்சமில்லை. ஆவி இல்லாவிட்டால் குளிர்வதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இறங்கும் காற்றுக்கு ஈடாக மட்டுமே மேகக் காற்று ஏற முடியும் என்பதால், அந்த மட்டத்துக்கு அருகில் அது பக்கவாட்டில் பரவியே ஆக வேண்டும். டென்னிஸ் ஹார்ட்மனும் கிறிஸ்டின் லார்சனும் 2002-இல் முன்வைத்த இந்த விளக்கத்தின் அழகு, மேகத்தின் உச்சி, உயரத்தோடு கட்டப்படவில்லை, வெப்பநிலையோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். பூமி சூடானால் மைனஸ் 55 பாகை இன்னும் உயரத்தில்தான் கிடைக்கும். மேகமும் அங்கே ஏறிவிடும். உச்சியின் வெப்பநிலை துல்லியமாக மாறாமல் இருக்குமா, சிறிது கூடுமா என்பதில் விவாதம் உண்டு. மேகங்கள் ஏறும் என்பதில் விவாதம் இல்லை.

ஏறினால் என்ன ஆகும்? தரை சூடாகிறது, மேகத்தின் தலை பழைய குளிரிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கும் வெப்பம் கூடுகிறது. கூடும் வெப்பம் பெரும்பாலும் வெப்பமண்டலத்தின் மேல்வானில் சேர்கிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் உள்ள வேறுபாடு பெருகுகிறது. அந்த வேறுபாட்டில் ஓடும் ஜெட் காற்றோட்டங்களும் (மேல்வானில் ஆறுபோல் விரைந்தோடும் காற்று) அவற்றைப் பின்தொடரும் புயல்களும் துருவங்களை நோக்கிச் சற்று நகர்கின்றன. இதில் மேகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் செய்வது, இரண்டு பாத்திகளில் ஒன்றுக்கு மட்டும் உரமிட்டுப் பார்ப்பது போன்றது. இன்றைய காலநிலையில் உண்டான மேகங்களை மணிக்கு மணி பதிவு செய்து வைத்துக்கொண்டு, சூடான உலகத்தின் கணக்கை ஓட்டும்போது கதிர்வீச்சுப் பகுதிக்குப் பழைய மேகங்களையே காட்டுகிறார்கள். புதிய மேகங்களோடு ஓட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே மேகத்தின் வேலை. 2015-இல் ஐகோ ஃபோக்ட், டிஃபனி ஷா ஆகியோரும், 2016-இல் பாலோ செப்பி, ஹார்ட்மன் ஆகியோரும் இவ்வகைச் சோதனைகளைச் செய்தார்கள். பின்னர் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஜெட் காற்றோட்டத்தின் நகர்வில் பாதி அளவோ அதற்கு மேலோ மேகங்களின் கதிர்வீச்சு மாற்றத்தால் வருகிறது என்பது திரும்பத் திரும்பக் கிடைக்கும் விடை.

இதைக் கேட்டு முழுமையாக நம்பிவிடுவதற்கு முன் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளில் பல, நிலமே இல்லாமல் கடல் மட்டும் சூழ்ந்த கற்பனை உலகத்தில் செய்யப்பட்டவை. இமயமலையும் இல்லை, தக்காணமும் இல்லை, ஆகவே நாம் அறிந்த பருவமழையும் இல்லை. மற்றொன்று நுட்பமானது: பழைய மேகத்தை எடுத்துப் புதிய காற்றின் மேல் ஒட்டவைத்தால், மேகம் ஓரிடத்திலும் அதை உண்டாக்கும் ஏறுகாற்று வேறிடத்திலும் இருக்கும். இந்தப் பொருத்தமின்மையே சிறிது விளைவை உண்டாக்கும். அதைக் கழிக்கத் தனிக் கணக்கு வேண்டும். திசையை நம்பலாம், சதவீதத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

வெப்பமண்டலத்துக்குள் வந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. ஆவி பாகைக்கு 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் உலகின் மொத்த மழை பாகைக்கு 2, 3 சதவீதம்தான் கூட முடியும், ஏனென்றால் மழையால் வெளியாகும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றும் வேகம் அவ்வளவுதான். ஆவி கூடும் அளவுக்கு மழை கூட முடியாதென்றால், ஏறும் காற்றின் அளவு குறைந்தாக வேண்டும். வாளி பெரிதானால் கிணற்றில் இறைக்கும் தடவை குறைவதைப் போல. ஐசக் ஹெல்ட், பிரையன் சோடன் இருவரும் 2006-இல் எடுத்துக்காட்டிய இந்த வாதத்தின்படி, வெப்பமண்டலச் சுழற்சி, குறிப்பாகப் பசிபிக்கில் கிழக்கு மேற்காக ஓடும் வாக்கர் சுழற்சி, தளர வேண்டும். இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்து, நம் பருவமழை பொய்ப்பதற்குக் காரணம் தேடிய கில்பர்ட் வாக்கரின் பெயரைத் தாங்கிய சுழற்சி அது. மாதிரிகள் பெரும்பாலும் தளரும் என்றே சொல்கின்றன. ஆனால் 1980-க்குப் பிந்தைய அளவீடுகள் அது வலுவடைந்ததைக் காட்டுகின்றன. இயற்கையான ஏற்ற இறக்கமா, மாதிரிகளின் குறையா என்பது தீராத வழக்கு. இந்த வழக்கில் பெரு நாட்டுக் கரையை ஒட்டிய குளிர்ந்த கடலின் மேல் பாய் விரித்தாற்போல் கிடக்கும் தாழ்ந்த மேகங்களும் ஒரு சாட்சி. கடல் குளிர்ந்தால் அந்த மேகம் தடிக்கிறது, தடித்தால் கடல் மேலும் குளிர்கிறது, சூடானால் எதிர்மாறாக. ஒரு சில நூறு மீட்டர் தடிமன் உள்ள அந்த மேகத்தை மாதிரிகள் சரியாகப் பிடிக்காவிட்டால், பசிபிக்கின் கிழக்கு மேற்கு வேறுபாடே தவறிவிடும். கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிகழ்வின் வழியாக அந்தத் தவறு நம் மழைக்கணக்கு வரைக்கும் வரும்.

மேகத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு; அதை நானே பிற்பாடு திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. மாதிரிகளில் வெகுகாலமாக ஒரு நோய்: வெப்பமண்டல மழைப் பட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றாக இல்லாமல் தெற்கிலும் இரட்டையாகத் தோன்றும். 2013-இல் யென்-டிங் ஹ்வாங், டார்கன் ஃபிரியர்சன் இருவரும், அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலின் மேகங்கள் மாதிரிகளில் போதிய வெண்மையில்லாமல் இருப்பதோடு இந்த நோய் தொடர்புடையது என்று காட்டினார்கள். தெற்கு அரைக்கோளம் தேவைக்கு மேல் சூடாகிறது, மழைப் பட்டை சூடான பக்கம் சாய்கிறது. எங்கோ பனிக்கடல் மேகத்தின் நிறம், வெப்பமண்டலத்தின் மழையை இழுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆர்வமாகச் சொல்லிவந்தேன். பிறகு கடலின் நீரோட்டத்தையும் சேர்த்துச் செய்த கணக்குகளில், அந்தக் கூடுதல் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடலே சுமந்து சென்றுவிட, மழைப் பட்டையின் நகர்வு வெகுவாகச் சுருங்கிப்போனது. தொடர்பு பொய்யாகவில்லை, அளவு குறைந்தது. இத்துறையில் ஒரு முடிவைப் படிக்கும்போது கடல் உயிரோடு இருந்ததா, வெறும் தேங்கிய குட்டையாக வைக்கப்பட்டிருந்ததா என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது நம் ஊர். ஆடி மாதத்தில் மழை இல்லாத ஒரு நாளில் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ மொட்டை மாடியில் நின்று பத்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். தாழ்ந்த துண்டு மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து ஓடும். அவற்றின் இடைவெளியில் மிக உயரத்தில் தெரியும் கீற்று மேகங்கள் மெல்ல எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அது கீழே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஓடும் பருவமழையின் மேற்கு ஓட்டம். மேலே 15 கிலோமீட்டரை ஒட்டி ஓடுவது வெப்பமண்டலக் கிழக்கு ஜெட். 1950-களில் அதை ஆராய்ந்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் நம் நாட்டு வானிலையாளர் கோட்டேசுவரம். இரண்டும் தீபகற்பத்தின் மேல் நம் அட்சரேகையை ஒட்டியே ஓடுகின்றன, இரண்டையும் ஓட்டுவதில் வங்கக் கடலுக்கும் அதன் வடக்கேயும் நிற்கும் பருவமழை மேகங்களின் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேகம் காற்றை இழுக்கிறதா என்று கேட்டவர், அதன் விளைவைத் தன் தோப்பின் மேலேயே இரண்டு அடுக்காகப் பார்க்கலாம்.

அந்த ஓட்டங்கள் இனி எப்படி மாறும்? காற்றோட்டம் சற்றுத் தளர்ந்தாலும் ஈரம் கூடுவதால் இந்தியப் பருவமழையின் மொத்த அளவு இந்த நூற்றாண்டில் கூடும் என்பது மாதிரிகளின் பொதுவான முடிவு. நடந்தது இதுவரை அப்படி இல்லை. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் ஏறத்தாழ ஒரு பாகை சூடானது. அதே காலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை சுமார் 6 சதவீதம் குறைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையும் குறைந்த பகுதிகளில் ஒன்று. ஒகேனக்கல்லில் வரும் நீரைப் பார்க்கும் நமக்கு அது வெறும் எண் அன்று. புகையும் தூசும் சூரிய ஒளியை மறைத்து நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்தது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மாவட்ட அளவில் கேட்டால் மாதிரிகளின் கண் மங்கிவிடுகிறது. வழக்கமான காலநிலை மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தால் சுமார் 9,600 சதுர கிலோமீட்டர். ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். அரசு 2004-இல் பிரித்துவிட்டது, மாதிரிகள் இன்னும் பிரிக்கவில்லை. ஓசூரின் 900 மீட்டர் உயரமும் அதில் ஏறத்தாழப் பாதியே உள்ள ஊத்தங்கரையும் அங்கே ஒரே தளம். அஞ்செட்டி மலையில் நாலு மணிக்கு எழும் அந்த இடிமேகம் கட்டத்துக்குள் ஒரு சூத்திரம் மட்டுமே. ஐந்து கிலோமீட்டர், அதற்கும் குறைந்த கட்டங்களில் உலகம் முழுவதையும் ஓட்டும் புதிய மாதிரிகள் வரத் தொடங்கியுள்ளன. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் மேகத்தின் உள்ளடுக்குகளை ரேடாராலும் லேசராலும் அளக்கிறது. ஆயினும் கோடை இடி மழையும் தென்மேற்கும் வடகிழக்கும் கலந்து பெய்யும் நம் போன்ற இடைநிலப் பகுதிக்கு, மழை இத்தனை சதவீதம் கூடும் என்று எவராவது துல்லியமாகச் சொன்னால், எந்தக் கட்ட அளவில் போட்ட கணக்கு என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

ஊத்தங்கரை மழையை மேகங்களின் கதிர்வீச்சு மாற்றத்தோடு முடிச்சுப் போட முடியாது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கரையிலேயே தயங்கி நின்றது, பிறகு வலுவிழந்து மெதுவாக உள்நாட்டுக்கு வந்தது. தள்ளிச் செல்ல வேண்டிய பெருங்காற்று அந்த நாட்களில் பலவீனமாக இருந்தது என்பதே உடனடிக் காரணம். அத்தகைய தயக்கங்கள் இனி அடிக்கடி வருமா என்பது காற்றோட்டக் கேள்வி, ஆகவே ஐயத்துக்குரியது. அப்படி ஒன்று வந்தால் அதனிடம் முன்பைவிடக் கூடுதல் ஈரம் இருக்கும் என்பது வெப்பக் கேள்வி, ஆகவே உறுதியானது. ஏரிக்கரையும் பாலமும் கட்டுவோருக்கு இரண்டாவது விடையே போதும்.

தோப்புக்காரருக்கு என்னால் சொல்லக்கூடியது மழையைப் பற்றி அன்று, தை மாத இரவுகளைப் பற்றி. மா பூக்க இரவுக் குளிர் வேண்டும் என்பதும், மூட்டமாக இருந்தால் பூவில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் ஏறும் என்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் வெப்பமானி மைனஸ் 20-லிருந்து பிளஸ் 10-க்குத் தாவிய அந்த ஒரு மேகம், தோப்பில் விடியற்காலைக் குளிரையும் சில பாகை ஏற்றிவிடும். நம் பகுதியில் மார்கழி, தை இரவுகளில் மேகமூட்டம் கூடிக்கொண்டு போகிறதா என்பதற்கு 100 கிலோமீட்டர் கட்டத்தில் விடை கிடைக்காது. குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்துக்காட்டும் ஒரு சாதாரண வெப்பமானியை மரநிழலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு காலையும் அந்த எண்ணையும், முந்தைய இரவு நட்சத்திரம் தெரிந்ததா இல்லையா என்பதையும், மரம் பூத்த நாளையும் ஒரே நோட்டில் எழுதி வரச் சொல்வேன்.